பயணச்சீட்டில் யாருடைய தொலைபேசி எண்?



பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஊருக்குப் போகும் விமானச் சீட்டை ஏஜென்டிடம் சொல்லி எடுப்பதா, அல்லது விமான நிறுவனத்திடம் நாமே நேராக எடுப்பதா? மும்பையிலோ பெங்களூரிலோ வாழ்கிறவருக்கு இது சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தும் கணக்காகத் தோன்றலாம். அங்கே விமானம் தவறினால் ரயில் உண்டு. ரயில் தவறினால் பேருந்து உண்டு. அந்தமான் தீவுகளில் வாழும் எங்கள் நிலை வேறு. எங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கும் மேலாகக் கடல் விரிந்து கிடக்கிறது. விமானத்தில் சென்னைக்கு இரண்டேகால் மணி நேரம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அந்தக் கப்பலும் நாம் நினைத்த நாளில் புறப்படுவதில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கட்டட வேலைக்கும், வியாபாரத்துக்கும், அரசு வேலைக்கும் வந்தவர்கள் ஒருபுறம். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் மறுபுறம். திருமணம், மரணம், மருத்துவம், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு ஆகிய எதுவானாலும் கடலைக் கடந்தாக வேண்டும். ஆகவே பயணச்சீட்டு என்பது எங்களுக்கு ஊரோடு உள்ள உறவின் நூல்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இத்தீவில் வாழ்கிறவன் என்ற முறையில், நான் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பெரும்பாலோர் விலையைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கோ வேறொரு கேள்வியே முதன்மையாகப் படுகிறது: பயணத்தில் ஏதேனும் தவறு நேர்ந்தால் பதில் சொல்லப்போகிறவர் யார்? அந்தச் செய்தி முதலில் யாருடைய கைக்கு வந்து சேரும்?

ஏஜென்ட் இன்றி அசைய முடியாத காலம்

பயண முகவர் என்ற தொழிலின் தொடக்கம் நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் சுமார் ஐந்நூறு பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். அவர் ஒரு பாப்டிஸ்ட் பிரசங்கியார். அவர்கள் சென்றது ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்கு. தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். தனி மனிதன் தானாகச் செய்துகொள்ள இயலாத ஏற்பாட்டை, பலருக்காக ஒருவர் பொறுப்பேற்றுச் செய்தார். அந்தப் பொறுப்புதான் தொழிலாக வளர்ந்தது.

எங்கள் தீவிலும் நீண்ட காலம் அப்படியே இருந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரின் சிறு அலுவலகங்களுக்குப் போய், தேதியைச் சொல்லி, ரொக்கத்தைக் கட்டி, காகிதச் சீட்டை வாங்கி வருவோம். உலக விமான நிறுவனங்களின் சங்கம் காகிதச் சீட்டுகளை முற்றிலும் நிறுத்தி மின்சீட்டுக்கு மாறியது 2008-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியில்தான். அதன் பின்பும் எங்களுக்கு ஏஜென்டை விட்டால் வழியிருக்கவில்லை. ஏனெனில் இணையம் எங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகவே வந்துகொண்டிருந்தது. மழை வலுத்தால் அதுவும் இல்லை. பணம் கட்டும் பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும், வங்கியில் பணம் போய்விடும், சீட்டு வராது.

இந்த நிலைமை மாறியது 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் உள்ளிட்ட இடங்களுக்கும் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடியிழை வடம் அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பிறகே, வீட்டில் அமர்ந்தபடி நாமே சீட்டு எடுக்கலாம் என்பது எங்களுக்கு உண்மையாயிற்று. மற்ற நகரங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன விவாதம் எங்கள் வீடுகளில் இப்போது நடப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு மாற்றமும் இடையில் நிகழ்ந்தது. முன்பெல்லாம் விமான நிறுவனமே ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுத்து வந்தது. 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெரிய விமான நிறுவனங்கள் அந்தக் கமிஷனை நிறுத்துவதாக அறிவித்தன, முகவர் சங்கங்கள் எதிர்த்துப் போராடின, வழக்குகளும் நடந்தன. அந்தக் காலந்தொட்டு, ஏஜென்டின் வருமானத்தில் பெரும்பகுதி பயணியாகிய நம்மிடமிருந்தே சேவைக் கட்டணமாகப் பெறப்படுகிறது. அது குற்றமன்று, உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் கூலி கொடுக்கிறவர் நாமாக இருக்கையில், அதற்கு ஈடாக என்ன வேலை நடக்கிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

ஒரு தொலைபேசி எண்ணால் வந்த துன்பம்

மத்திய அந்தமானில் ரங்கத் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டும்படி இங்குள்ள மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் சகோதரி, தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஏஜென்டிடம் பணம் கொடுத்து, பிற்பகல் விமானத்தில் இரண்டு சீட்டுகள் வாங்கினார். விலை நியாயமாகவே இருந்தது. சீட்டும் உண்மையானதே.

ரங்கத்திலிருந்து விமான நிலையத்துக்கு வருவது எளிதன்று. அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடாகச் செல்கிறது. அங்கே வாகனங்கள் தம் விருப்பப்படி போக முடியாது. குறித்த நேரங்களில், காவலர் துணையோடு, வரிசையாகத்தான் போக வேண்டும். நடுவே நீரிணையைப் படகில் கடக்க வேண்டும். ஆகவே அவர்கள் விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குச் சற்றுப் பின் விமான நிலையம் வந்து சேர்ந்தார்கள். விமானமோ காலையிலேயே போய்விட்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன்பே அதன் நேரத்தை மாற்றியிருந்தார்கள்.

"சீட்டில் உள்ள எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டோம், அம்மா" என்றார் கவுன்டரில் இருந்தவர். அவர் சொன்னது உண்மை. ஆனால் சீட்டில் இருந்தது ஏஜென்டின் எண். ஒரே நாளில் பலருக்குச் சீட்டெடுக்கும் அந்த மனிதரின் தொலைபேசியில் வந்து விழுந்த எத்தனையோ செய்திகளுக்குள் இதுவும் புதைந்துபோயிருந்தது. அந்தத் தம்பதியர் இரண்டு இரவுகள் லாட்ஜில் தங்கி, அதிக விலையில் வேறு சீட்டு வாங்கிப் போனார்கள். மருத்துவர் கொடுத்திருந்த நாள் கடந்துவிட்டதால் சிகிச்சை பதினொரு நாள் தள்ளிப்போயிற்று. அந்தப் பதினொரு நாளும் நோயாளியின் உடல் பட்ட பாட்டுக்கு யார் விலை சொல்வது?

இதில் சட்டம் சொல்வதையும் கவனியுங்கள். விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ பயணிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதிகள் வகுத்துள்ளது. ஆனால் முன்பதிவு செய்தபோது தம்மைத் தொடர்புகொள்ளப் போதிய விவரம் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆக, உங்கள் எண் சீட்டில் இல்லையென்றால் செய்தியும் வராது, இழப்பீடும் கேட்க முடியாது. பத்து இலக்கம் கொண்ட ஓர் எண் இவ்வளவு பாரம் சுமக்கிறது.

பணம் திரும்பி வரும் பாதை

அடுத்து, பணத்தைப் பார்ப்போம். நேராக எடுத்த சீட்டை ரத்து செய்தால் பணம் விமான நிறுவனத்திடமிருந்து நம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஏஜென்ட் வழியாக எடுத்தால், முதலில் ஏஜென்டின் கணக்குக்குப் போய், பிறகே நமக்கு வருகிறது. பாதையில் ஒரு வாசல் கூடுதல். அந்த வாசலில் இருப்பவர் நேர்மையானவராயின் கவலையில்லை. இல்லையென்றால் நம் பணம் அங்கேயே தங்கிவிடும்.

விதி இதில் தெளிவாக இருக்கிறது. ஏஜென்ட் வழியாக வாங்கிய சீட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சேரும். ஏனெனில் ஏஜென்ட் அந்நிறுவனத்தால் நியமிக்கப்பட்டவர். "ஏஜென்டிடம் போய்க் கேளுங்கள்" என்று சொல்லிக் கையைக் கழுவ நிறுவனத்துக்கு இடமில்லை. சீட்டு திரும்பப் பெற முடியாத வகையைச் சேர்ந்ததாயினும், விமான நிலையக் கட்டணமும் சட்டப்படியான வரிகளும் திரும்பக் கிடைக்க வேண்டும். இதை அறியாமல் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எனினும் விதி வேறு, நடப்பு வேறு. 2020 மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாத காலம் நிறுத்தப்பட்டபோது, நாடு முழுவதும் சீட்டுப் பணம் முடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரடங்குக் காலத்தில் பயணம் செய்வதற்காக அந்தக் காலத்திலேயே எடுத்த சீட்டுகளுக்குப் பணத்தை உடனே திருப்ப வேண்டும் என்றும், ஏஜென்ட் வழியாக எடுத்திருந்தால் நிறுவனம் ஏஜென்டுக்குத் திருப்ப, அவர் தாமதமின்றிப் பயணிக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆயினும் ஓர் இணையப் பயண நிறுவனத்தில் மட்டும் 2021-ஆம் ஆண்டில் 36,276 முன்பதிவுகளுக்குரிய 26 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை நிலுவையில் இருந்ததை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டது. ஆணையம் விடாது கேட்டதன் பேரில் 2024 ஜூனில் அது சுமார் இரண்டரைக் கோடியாகக் குறைந்தது. நான்கு ஆண்டுகள் கடந்தும் 4,837 முன்பதிவுகளின் பணம் அப்போதும் பாக்கி. வேறு பல இணைய நிறுவனங்கள் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 7-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குள் பயணிகளின் பணத்தைத் திருப்பிவிட வேண்டும் என்று மத்திய அரசு கெடு விதித்தது. நேராக எடுத்தவர்களின் விவரம் நிறுவனத்திடம் இருந்தது. இடைத்தளங்கள் வழியாக வாங்கியவர்களின் முழு விவரமும் தன்னிடம் இல்லாதிருக்கலாம் என்று சொல்லி, அவர்களை மின்னஞ்சல் எழுதும்படி நிறுவனம் கேட்டுக்கொண்டது. ரங்கத்துச் சகோதரியின் கதைதான் இங்கே நாடளவில் நடந்தது.

நேரடிப் பதிவுக்கு இன்னும் சில சலுகைகள் உண்டு. விமான நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே எடுத்தால், புறப்படும் நாள் மிக அருகில் இல்லாதபோது, குறித்த மணி நேரத்துக்குள் அபராதமின்றிச் சீட்டை ரத்து செய்யலாம் அல்லது திருத்தலாம். இந்த விதி அவ்வப்போது மாற்றப்படுவதால், எடுக்கும் நாளில் நிறுவனத்தின் பக்கத்தில் படித்துப் பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கட்டணமின்றித் திருத்துவார்கள். நம் தமிழ்ப் பெயர்களுக்கு இது மிகவும் தேவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனாரின் முதலெழுத்துதான் உண்டு. இணையத்தளமோ கடைசிப் பெயர் என்று ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவதில்லை. ஏஜென்ட் அவசரத்தில் எதையோ நிரப்பிவிடுவார். ஆதாரில் ஒன்றும் சீட்டில் வேறொன்றுமாகப் பெயர் நிற்க, விமான நிலைய வாசலில் முதியவர்கள் தவித்து நிற்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஆயினும் ஏஜென்ட் வேண்டிய இடங்கள்

இதுவரை படித்துவிட்டு, ஏஜென்டே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாசரேத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் தகப்பனார் இறந்துவிட்டார் என்ற செய்தி, இங்கே கூலி வேலை செய்யும் ஒரு தம்பிக்கு இரவு பத்து மணிக்கு வந்தது. மறுநாள் மாலையில் அடக்கம். சென்னை விமானங்கள் அனைத்திலும் இடமில்லை என்று இணையம் காட்டியது. அவர் கையில் பணமும் இல்லை. ஏஜென்ட் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். அவர் பெங்களூரு வழியாக மதுரைக்கு ஒரே முன்பதிவில் இணைப்பு விமானம் தேடிப் பிடித்து, "பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் போய் வா, தம்பி" என்று அனுப்பி வைத்தார். அந்த மகன் தகப்பனாரின் முகத்தைப் பார்த்தான். எந்த இணையத்தளமும் இரவு பத்து மணிக்குக் கடன் கொடுப்பதில்லை. அழுகிற குரலைக் கேட்டு வேறு வழி தேடுவதுமில்லை.

அங்கே "ஒரே முன்பதிவில்" என்று குறிப்பிட்டேன். அது முக்கியமானது. இரண்டு விமானங்களைத் தனித்தனியாக எடுத்து, முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டும் இருந்தால், நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் கடமை. மலிவாக இருக்கிறதென்று நாமே இரண்டு சீட்டுகளைத் தனியே எடுத்து ஒட்டுப்போடும்போது, இந்தக் காப்பை இழந்துவிடுகிறோம். அனுபவமுள்ள ஏஜென்ட் இதை அறிவார்.

கச்சாலுக்கோ கமோர்ட்டாவுக்கோ போகிறவர்களின் தேவை இன்னும் வேறு. நிக்கோபார் தீவுகள் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதியாதலால், வெளியிலிருந்து போகிறவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலின் நாளை விமானத்தின் நாளோடு பொருத்த வேண்டும். உள்ளூர் நிலவரம் அறிந்த ஒருவரின் உதவி அங்கே பயனுள்ளது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு வருகிறவர்கள் பலர். அரசுச் செலவில் பறக்கும்போது பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று முகமைகள் வழியாகவே சீட்டு எடுக்க வேண்டும் என்று 2022-இல் ஆணை வந்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று வேறெங்கோ எடுத்துவிட்டால், பின்னர் பணம் கேட்கையில் சிக்கல் வரும். எடுப்பதற்கு முன்பே உங்கள் அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்வென்ஷன் கூட்டங்களுக்கும் திருமணங்களுக்கும் சபையாகச் சேர்ந்து போகும்போது, பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குழுக் கட்டணம் கேட்கலாம். இதற்கு ஏஜென்ட் உதவுவார். சில ஏஜென்டுகள் விடுமுறைக் காலத்துக்கென முன்னதாகவே மொத்தமாக இடங்களை வாங்கி வைத்து விற்பதும் உண்டு. அவை விலை குறைவாக இருக்கும். ஆனால் ரத்து செய்தால் பெரும்பாலும் ஒன்றும் திரும்ப வராது. நோயாளியும் கர்ப்பிணியும் உள்ள குடும்பம் இத்தகைய சீட்டை வாங்குமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

நம்பிக்கையும் ரசீதும்

நம்மவர்களிடையே ஒரு தயக்கம் இருக்கிறது. ஏஜென்ட் நம் சபையைச் சேர்ந்த சகோதரராகவோ, நம் ஊர்க்காரராகவோ இருந்துவிட்டால், அவரிடம் ரசீது கேட்பதையே அவமரியாதை என்று எண்ணுகிறோம். "அண்ணனிடம் போய் எப்படிக் கேட்பது?" என்று பேசாமல் வந்துவிடுகிறோம். இது தவறான கூச்சம். ரசீது அவரையும் காக்கிறது. பின்னாளில் கணக்கில் கருத்து வேறுபாடு வந்தால், உறவு முறியாமல் நிற்பதற்குக் காகிதமே துணை. நேர்மையானவர் ரசீது கொடுக்கத் தயங்குவதில்லை. சபையாகப் போகும் பயணத்தில் பணம் வசூலிக்கும் பொறுப்பாளருக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. விமான நிறுவனமே விழுந்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் தீவுக்குப் பறந்துகொண்டிருந்த கோ ஃபர்ஸ்ட் 2023-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி நின்றது. 2025 ஜனவரியில் அதைக் கலைக்க உத்தரவாயிற்று. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. அப்படிப்பட்ட நாளில் நேராக எடுத்தவரும் ஏஜென்டிடம் எடுத்தவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். பிரசங்கியார் தொடங்கிய தாமஸ் குக் நிறுவனமும் இங்கிலாந்தில் 2019 செப்டம்பர் 23-இல் வீழ்ந்தது. (இந்தியாவில் அப்பெயரில் இயங்குவது வேறு நிறுவனம்; அது தொடர்ந்து நடக்கிறது.) வெளிநாடுகளில் சிக்கிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பயணிகளை அந்நாட்டு அரசு திரும்ப அழைத்து வந்தது. முன்பணம் கட்டியிருந்தோருக்கென அங்கே ஒரு காப்புத் திட்டமும் இருந்தது. இங்கே நமக்குள்ள சிறு காப்பு, பணம் செலுத்தும் முறையில் இருக்கிறது. கடன் அட்டையில் செலுத்தினால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டு. கையில் கொடுத்த ரொக்கத்துக்கு அந்த வழியில்லை.

செய்ய வேண்டியவை

வாசகர்களே, நான் கண்டவற்றைச் சுருக்கித் தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொண்டாலும் நல்லது.

1. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எளிய பயணமானால், விலையை எங்கு வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்தில் சேரும் சேவைக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

2. நோய், மரணம், குழு, இணைப்பு விமானம், நிக்கோபார் பயணம் ஆகியவற்றுக்கு, நேரில் போய்ப் பார்க்கக்கூடிய அலுவலகம் உள்ள ஏஜென்டை நாடுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசுகிற முகமறியாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

3. யார் எடுத்தாலும் உங்கள் சொந்த தொலைபேசி எண்ணையே சீட்டில் போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத முதியவராயின், உடன் இருக்கும் பிள்ளையின் எண்ணைக் கொடுங்கள்.

4. சீட்டு கைக்கு வந்த அன்றே பி.என்.ஆர். எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் இட்டு, பணம் கட்டி உறுதியான சீட்டுதானா என்று பாருங்கள். பணம் கட்டாமல் இடத்தை மட்டும் பிடித்து வைத்து, அந்தத் தாளைச் சீட்டென்று கொடுத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பயணத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்பும், முந்திய நாள் மாலையும் மறுபடி பாருங்கள்.

5. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத் தேடலில் வரும் முதல் விடையிலிருந்து எடுக்காதீர்கள். போலி எண்களைப் பரப்பி வைத்திருப்போர் பலர். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள்.

6. ரசீது வாங்குங்கள். அதில் விமானக் கட்டணமும் ஏஜென்டின் கட்டணமும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கட்டும். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் பணம் வரும் என்பதைக் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

கோடை விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போக உங்களில் பலர் ஏற்கெனவே சீட்டு எடுத்திருப்பீர்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல், இன்று மாலையே அதை எடுத்து விரித்துப் பாருங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? தொடர்பு எண் என்ற இடத்தில் இருப்பது உங்கள் எண்தானா? வேறு எண்ணாக இருந்தால், நாளைக் காலையிலேயே ஏஜென்டிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஊரில் உங்களுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருப்பவர்களுக்காக அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடுங்கள்.